பதில் வராத தூரம்

ஷார்ஜா
4.8.2024

சப்ரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வாப்பா, உம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எனக்கு வெயிலைத் தவிர வேறு குறை இல்லை.

உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் பெயரே போதும் என்று விட்டுவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

நிச்சயம் முடிந்த அன்று உங்கள் வாப்பா என் தோளில் கை போட்டு, "மாப்பிள்ளை, நிக்காஹ் முடியிற வரைக்கும் போன் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம், மெயிலு கியிலு ஒண்ணும் வேண்டாம். நம்ம குடும்பத்துல அது பழக்கமில்ல" என்றார். சரி மாமா என்று வாக்குக் கொடுத்தேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அவர் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை! மறந்துவிட்டார் போலும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்?

துபாய் தேராவில் அத்தர் கடை வைத்திருக்கும் நூஹு மாமாவிடம் கேட்டேன். நம் நிச்சயத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்தவர், மாதாமாதம் ஊருக்கு வந்துபோகிறவர். "குடு மருமவனே, அத்தரோட அத்தரா மணந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் மனைவி ஜுபைதா மாமி முடுக்குச் சந்து வழியாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவாராம். ஆக, ஏற்பாடு பக்கா.

நமக்குப் பொருத்தம் பார்த்த அதே மாமி எங்கள் வீட்டில் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டும் சண்டையப் பத்திப் படிச்சதுங்க, வீட்டுல சண்டையே வராது." நான் படிப்பதும் இங்கே பல்கலைக்கழகத்தில் நடத்துவதும் தூரத்துச் சண்டை. ஒரு நாட்டில் குளிரூட்டிய அறையில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவன், இன்னொரு நாட்டின் வானத்தில் பறக்கும் ஆளில்லா விமானத்திலிருந்து குண்டு போடுகிறானே, அது. இதனால் போரின் அறமே மாறிவிட்டது என்று ஒரு கூட்டம் எழுதுகிறது. நான் மாறவில்லை என்கிற கட்சி. வில் வந்தபோதும் பீரங்கி வந்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

போன மாதம் என் அண்ணன் முறை யஹ்யா காக்கா தான் வேலை பார்க்கும் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் கிரேன் ஓட்டுகிறவர் உச்சிக்கு ஏறிக் கூண்டில் உட்காருவார். இப்போது காக்கா தரையில், ஓர் அறையில், சுலைமானித் தேநீரைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்துக் கண்டெய்னரை நகர்த்துகிறார். பெட்டி பெட்டிதான், அறை எங்கே இருந்தால் என்ன? பொறுப்பு அதேதான். என் கட்சிக்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

போன வார விடுமுறை முழுக்க யாரோ எழுதிய கட்டுரையைப் படித்து ஒரு ஆய்வுப் பத்திரிகைக்குக் கருத்து எழுதுவதில் போய்விட்டது. இந்த விடுமுறையாவது உருப்படியாகக் கழிகிறது. நீங்கள் என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?

வஸ்ஸலாம்.
ராஜிக்

*

காயல்பட்டினம்
25.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். (உங்களை எப்படி அழைப்பது என்று நான் தாளைக் கிழிக்கவில்லை. எப்படியும் அப்படித்தான் கூப்பிடப் போகிறேன், இப்போதே பழகிக்கொள்கிறேன்.) எல்லோரும் நலம். வாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் என்று ஊரெல்லாம் பலகாரம் கொடுத்தால் ஏறாமல் என்ன செய்யும்?

ஜுபைதா மாமி முந்தானைக்குள் மறைத்துக் கடிதத்தைக் கொண்டுவந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். கடத்தல் தங்கம் தோற்றது. வீடு முழுக்க ஊத் அத்தர் வாசனை. உம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்றும் கேட்கவில்லை.

திருநெல்வேலிக் கல்லூரியில் என் பிள்ளைகளுக்கு உலகப் போர்களை நடத்திக்கொண்டிருக்கிறேன். அதோடு என் முதல் கட்டுரையை ஒரு நல்ல ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். எதைப் பற்றி என்று சொல்லமாட்டேன். அச்சில் வந்ததும் நீங்களே படியுங்கள், அதுவரை கண் படாமல் இருக்கட்டும்.

ஆனால் அது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். துபாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். கிடைத்தால் என் சொந்த விசாவில் வந்து இறங்குவேன். கிடைக்காவிட்டால் உங்கள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குவைத்தில் என் அக்கா ஆமிரா ராத்தா அப்படித்தான் இருக்கிறாள், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு. அவள் குறை சொல்வதில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கிரேன் கதை நன்றாக இருந்தது. யஹ்யா காக்காவுக்கு என் சலாம்.

துஆவுடன்,
சப்ரீனா

*

மின்னஞ்சல்
12.9.2024

ராத்தா,

சலாம். நீயும் ஹஸ்னைன் மச்சானும் பிள்ளைகளும் சுகமா? போனில் பேசினால் உம்மா காதை நீட்டுவார், அதனால் எழுதுகிறேன்.

என் கட்டுரைக்கு இரண்டு பேரின் மதிப்பீடு வந்திருக்கிறது. யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது, யார் மதிப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. அதுதான் முறை. முதல் ஆள் பாராட்டியிருக்கிறார். இரண்டாம் ஆள் என்னைக் கீறிக் கருவாடாகக் காயப்போட்டிருக்கிறார். "எழுதியவர் போர்க்களத்தின் பக்கம்கூடப் போனதில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. கண்ணீரை வாதமாக ஏற்க முடியாது. இவர் வேறு துறையைத் தேர்ந்தெடுப்பது அவருக்கும் துறைக்கும் நல்லது." இப்படி நாலு பக்கம். பத்திரிகை ஆசிரியர் இன்னும் முடிவு சொல்லவில்லை, ஆனால் இதைப் படித்த பிறகு யார் ஏற்பார்கள்?

அழுதேன். பிறகு மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். "ஒரு துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர் அறைக்குள் அமர்ந்து திரையைப் பார்த்துக் கண்டெய்னரை நகர்த்துகிறார். பெட்டி பெட்டிதான், அறை எங்கே இருந்தால் என்ன?"

ராத்தா, அவரேதான். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். என் மேஜை இழுப்பறையில் ஊத் வாசனையோடு அதே வாக்கியம் கிடக்கிறது.

நான் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும். தூரம் குற்றமில்லை. வானத்திலிருந்து வாரக்கணக்கில் ஒருவனைப் பார்க்கிறவனுக்கு அவன் எப்போது துணி காயப்போடுகிறான் என்பதுகூடத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது. ஆனால் கீழே இருக்கிறவன் நிமிர்ந்து "யார் நீ, என்னை என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்க வழியே இல்லை. பதில் வராத தூரம்தான் பாவம் என்றேன். அதைக் கிழிக்க வந்தவர் செய்ததும் அதேதான்.

திட்டியதை மன்னித்துவிடலாம். நான்தான் என்று அவருக்குத் தெரியாது. இப்போது தெரிவிக்கப் போகிறேன். கிரேன் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற வசவுகளை எல்லாம் அவருக்கே எழுதி அனுப்புகிறேன். படித்தால் தன் எழுத்து தனக்குத் தெரியாதா? அவராக "நான்தான்" என்று சொல்கிறாரா பார்க்கிறேன். தெரிந்த பிறகும் மறைக்கிற ஆளோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது. அப்படியானால் இந்த நிக்காஹ் வேண்டாம். தீர்மானமாகச் சொல்கிறேன்.

சப்ரீனா

*

காயல்பட்டினம்
14.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அனைவரும் நலம். உங்களுக்குத் தொண்டைக் கட்டு என்று நூஹு மாமா சொன்னார். ஐஸ் தண்ணீரைக் குறையுங்கள்.

என் கட்டுரை பற்றிச் சொல்லமாட்டேன் என்றேன் அல்லவா? இப்போது சொல்லலாம், கண் பட்டாகிவிட்டது. அதுவும் உங்கள் தூரத்துச் சண்டையைப் பற்றியதுதான், எதிர்க்கட்சி. பார்க்கிறவனிடம் பார்க்கப்படுகிறவன் பேச வழியில்லாத தூரம் கொடியது என்று எழுதினேன். மதிப்பீட்டாளர் ஒருவர் அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். நான் போர்க்களத்தின் பக்கம்கூடப் போனதில்லையாம். கண்ணீரை வாதமாக ஏற்க முடியாதாம். வேறு துறையைத் தேர்ந்தெடுத்தால் எனக்கும் துறைக்கும் நல்லதாம். தையல் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

நீங்கள் இதே துறையில் இருக்கிறவர். இப்படி எழுதுகிற மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார்? வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடமும் இப்படித்தான் பேசுவாரா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

துஆவுடன்,
சப்ரீனா

*

மின்னஞ்சல், ஃபஹாஹீல், குவைத்
16.9.2024

சப்ரீ,

சலாம். நாங்க சுகம். சின்னவனுக்குப் பல்லு விழுந்து, அதை மச்சானோட ஆபீஸ் பையில ஒளிச்சு வச்சு ஒரே கூத்து.

ஏன்புள்ள, உனக்குக் கொழுப்புதான்! நேரா "நீங்கதானே எழுதினது"ன்னு கேட்டா வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்? பொறி வச்சுப் புடிக்க அவரு என்ன எலியா? கிரேன் வரிய மறைச்சியே, அது மட்டும் மறைக்கிறது இல்லையா? நீ ஒளிச்சா பரீட்சை, அவரு ஒளிச்சா துரோகம். நல்லா இருக்கு உன் நியாயம்.

சரி, கோவம் உனக்கு வரும், வரணும். அந்த வார்த்தையெல்லாம் படிச்சப்போ எனக்கே நெஞ்சு கொதிச்சுது. நீ அந்தத் துபாய் வேலைய எவ்வளவு நம்பி இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? நான் இங்க எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்னு நீ சொன்னது சரிதான், எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டி. ஒண்ணுல புறா முட்டை வச்சிருக்கு. அதனாலயும் சொல்றேன், வேலையும் போய் மாப்பிள்ளையும் போய் நிக்காதே. பதில் வரட்டும், பொறு.

பெருமூச்சோடு,
ராத்தா

*

ஷார்ஜா
20.10.2024

சப்ரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரின் நலத்துக்கும் துஆ. என் தொண்டை தேவலை. நூஹு மாமா ஊரிலிருந்து இன்னும் திரும்பாததால், யஹ்யா காக்காவின் அறைவாசி விஜயபாஸ்கர் ஏரலுக்கு லீவில் வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜுபைதா மாமியிடம் சேர்ப்பார்.

அல் நஹ்தாவில் ஃபிளாட் பார்த்துவிட்டேன். ஒரு படுக்கையறை, கூடம் பெரிது. மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் சாயங்கால வெயில் நேராக உள்ளே வரும். கனமான திரைச்சீலை போட வேண்டும். கடையில் பச்சையும் சாம்பலும் இருக்கின்றன. பச்சை நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

மற்றதெல்லாம் உங்கள் பதிலைப் பொறுத்தது.

வஸ்ஸலாம்.
ராஜிக்

*

மின்னஞ்சல்
29.10.2024

ராத்தா,

சலாம் சொல்லக்கூட மனமில்லை, இருந்தாலும் சலாம்.

பொறு என்றாய், பொறுத்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் நூஹு மாமா வந்தார். மக்காவில் உம்ரா முடித்துவிட்டு வந்ததால் எல்லோருக்கும் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். கடிதம்? "இந்தத் தடவை ஒண்ணும் தரல போல" என்று ஜுபைதா மாமி கையை விரித்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேரீச்சம்பழத்தை இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

அதற்குப் பிறகு பத்திரிகையிலிருந்து மெயில். இரண்டாம் மதிப்பீட்டாளர் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம், வேறொருவருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். காரணம் ஒரு வரிகூட இல்லை. புரிகிறதா? தடயத்தை அழிக்கிறார்! அறிக்கையே இல்லை என்றால் யார் எழுதியது என்ற கேள்வியும் இல்லை பார்.

இன்றைக்கு யாரோ ஏரல்காரர் வழியாக ஒரு கடிதம் வந்தது. ஓடிப்போய்ப் பிரித்தேன். திரைச்சீலை! ராத்தா, திரைச்சீலை! பச்சையா சாம்பலா என்று கேட்கிறார் அந்த மனிதர். நான் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை இல்லை. என் வேலை போனாலும் பரவாயில்லை, மேற்கு வெயில் உள்ளே வரக்கூடாது.

நான் முடிவு செய்துவிட்டேன். வாப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, உம்மா பட்டுச்சேலை எடுத்தாகிவிட்டது, எல்லாம் தெரியும். ஹஸ்னைன் மச்சானை விட்டுச் சொல்லச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன். இந்த நிக்காஹ் வேண்டாம்.

சப்ரீனா

*

மின்னஞ்சல், ஃபஹாஹீல்
4.11.2024

சப்ரீ என் செல்லமே,

சலாம். உக்காந்துட்டுப் படி. தண்ணி குடிச்சுட்டுப் படி.

உன் மெயிலப் பாத்து நாலஞ்சு நாளா நான் தூங்கல. மச்சான்கிட்ட காட்டினேன். அவரு சொன்னாரு, "நிச்சயத்த முறிக்கிற பேச்ச மருமவன் நேரா மாமனார்கிட்ட பேசுறது முறையில்ல. சாட்சியா உக்காந்தவங்க வாயாலதான் போகணும்." அப்படின்னா நூஹு மாமா. எங்க இருக்காருன்னு விசாரிச்சா, சரக்கு எடுக்க ஜித்தா போயி ஷரஃபியாவுல தங்கச்சி மகன் கடையில இருக்காராம். மச்சான் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு, நானும் பக்கத்துல இருந்தேன். விஷயத்த மெதுவா ஆரம்பிச்சாரு. மாமா, பொண்ணுக்கு மனசில்ல, அவ எழுதினதுக்குப் பையன் பதிலே போடலன்னு.

அவ்வளவுதான். மாமா போட்ட சத்தத்துல மச்சான் போனைக் கீழ போட்டுட்டாரு. "யா அல்லாஹ்! என் இஹ்ராம் பை!"

மீதிய மாமாவே எழுதுறாராம். மச்சான் போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னாரு, மாமா மாட்டேன்னுட்டாரு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல உன் கைக்கு வந்துடும். அதுவரைக்கும் வாப்பாகிட்ட ஒரு வார்த்தையும் விடாதே. நாங்க யாரும் விடல.

ராத்தா

*

ஷரஃபியா, ஜித்தா
5.11.2024

மவளே சப்ரீனா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கிழவனை மன்னிச்சிரும்மா. ரெண்டு ரக்அத் தொழுது தவ்பா செஞ்சுட்டுத்தான் பேனாவ எடுத்தேன்.

நடந்தது என்னன்னா, செப்டம்பர் கடைசியில ராஜிக் தம்பி கடைக்கு வந்து கடிதத்தைக் குடுத்தாப்ல. எப்பவும் சிரிச்சுப் பேசுற புள்ள, அன்னிக்கு முகமே சரியில்ல. "மாமா, இது கட்டாயம் போய்ச் சேரணும்"னு சொல்லிட்டு டீகூடக் குடிக்காமப் போயிட்டாப்ல. என்னமோ பெரிய விஷயம், புள்ளைங்க ரெண்டுக்கும் நடுவுல ஏதோ கஷ்டம்னு என் மனசுக்குப் பட்டுச்சு. ஊருக்கு வர்ற வழியில உம்ரா போறோமே, கஃபாவுக்கு முன்னால இந்தக் கடிதத்தைக் கையில வச்சு துஆ கேட்டுட்டுக் குடுப்போம்னு உம்ராவுக்கு உடுத்துற இஹ்ராம் துணியோட சேத்து வச்சேன். துஆ கேட்டேன் மவளே, மனசாரக் கேட்டேன். கேட்டுட்டு இஹ்ராம் பைய எப்பவும் போல இங்க மருமவன் கடைப் பரண்ல போட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். கடிதம் சுத்தமா மறந்து போச்சு. உன் மாமி கேட்டப்போ இல்லன்னுட்டேன். அல்லாஹ் மேல ஆணையா எனக்கு ஞாபகமே இல்ல.

ஒட்டின கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன், அதனால போட்டோ புடிக்கல. ஊருக்கு வர்ற நம்ம புள்ளைகிட்ட குடுத்தனுப்புறேன். இதுல அவன் என்ன எழுதியிருந்தாலும் சரி, எழுதி அப்பவே குடுத்துட்டான். தாமதம் என்னோடது.

இப்படிக்குத் தலைகுனிஞ்சு,
நூஹு மாமா

*

(உள்ளே, ஒட்டியபடி)

ஷார்ஜா
26.9.2024

சப்ரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எடுத்து எழுதியிருந்த வரிகள் என் வரிகள். அந்த மதிப்பீட்டாளர் நான்தான். படித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதியவர் நீங்கள் என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிற விஷயமா இது? யாராக இருந்தாலும் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

உடனே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். இந்தக் கட்டுரையை எழுதியவர் நான் மணக்கவிருக்கிற பெண், இன்றுதான் தெரிந்தது, என் அறிக்கையை நீக்கிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். உங்கள் வேலைக்கு ஆண்டு முடிவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்பதால், தாமதம் என்னால் நேர்ந்தது, விரைவாகச் செய்யுங்கள் என்றும் கேட்டேன். அவர் பதில் போட்டார்: "எத்தனையோ வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன், இப்படி ஒரு காரணம் வந்ததில்லை. அறிக்கையை நீக்குகிறேன். காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்வது உங்கள் பாடு."

கேட்டிருந்தீர்கள், இப்படி எழுதுகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று. ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து இதையே பேசியிருந்தால் "வேறு துறைக்குப் போ" என்பேனா? மாட்டேன். எதிரில் முகம் இல்லை, பதிலும் வராது. அதனால் வாய் நீண்டுவிட்டது. தூரத்தால் ஒன்றும் மாறாது என்று வருடக்கணக்கில் எழுதிவருகிறவன் நான். என் கட்சிக்கு எதிரான முதல் சாட்சி நானே என்று ஆகிவிட்டது.

முழுக்கத் தோற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. உங்கள் இரண்டாம் பகுதியில் சான்று போதாது என்பது இப்போதும் என் கருத்து. அதை மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டிலும் பழியை என் மேல் போட்டுக்கொள்கிறேன். உங்கள் பதில் வரும்வரை இதைப் பற்றி மறுபடி எழுதி நச்சரிக்கமாட்டேன். எழுத நேர்ந்தால் வீடு, வெயில் என்று ஏதாவது எழுதுவேன். பேச வேறு ஒன்றும் இல்லாததால் அல்ல.

வஸ்ஸலாம்.
ராஜிக்

*

காயல்பட்டினம்
1.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், சேலை ரவிக்கை இறுக்கமாகிவிட்டது என்று உம்மா திட்டுகிறார்.

உங்கள் செப்டம்பர் கடிதம் நவம்பரில் என் கைக்கு வந்தது. பதிலைக் கொண்டுவர ஆள் கிடைக்க இத்தனை நாளாகிவிட்டது. நூஹு மாமா நேரில் வந்து காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அவரைத் திட்டிவிடாதீர்கள். நம் இரண்டு பேருக்காகவும் கஃபா வரை போய் வந்த கடிதம் வேறு யாருக்கு வாய்க்கும்? ஜுபைதா மாமி முடுக்கில் செருப்பில்லாமல் ஓடிவந்தார். கொல்லைப்புறத்தில் நின்றே படித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். உம்மா வந்து "என்னடி ஆச்சு" என்று உலுக்கினார். ஒன்றும் ஆகவில்லை உம்மா, ஒன்றுமே ஆகவில்லை என்றேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கிவைத்தது போல் இருந்தது.

இனி என் பங்கு. மதிப்பீட்டாளர் நீங்கள்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். கிரேனால் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நூஹு மாமா வெறுங்கையோடு வந்தார். அறிக்கை காணாமல் போனது. பிறகு திரைச்சீலை வந்தது. இதையெல்லாம் கோத்து உங்களைக் குற்றவாளியாக்கி, தீர்ப்பும் எழுதி, நிறைவேற்ற ராத்தாவிடம் அனுப்பியும் விட்டேன். திரையில் நாலு அசைவைப் பார்த்து "இவன்தான்" என்று முடிவுகட்டுகிறவர்களைப் பற்றிக் கோபமாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனே, நீங்கள்கூட அதைத்தான் அதிகம் திட்டியிருந்தீர்கள், அதை எடுத்துப் படித்தேன். படிக்க முடியவில்லை. ராத்தா நடுவில் நிற்காவிட்டால் இன்று பந்தல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்போம். என்னை மன்னியுங்கள்.

புதிய மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்துவிட்டது. பாராட்டியிருக்கிறார். அவரும் இரண்டாம் பகுதியில் சான்று போதாது என்றே எழுதியிருக்கிறார். மரியாதையாக எழுதியிருக்கிறார். எனக்கு உங்கள் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல! உட்கார்ந்து திருத்தினேன். கிரேனையும் சேர்த்தேன். பெட்டிக்கு வாய் கிடையாது, அதனால் அது கேள்வி கேட்பதில்லை என்று ஒரு பத்தி. முந்தாநாள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துபாயில் பிப்ரவரியில் நேர்காணல். அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதிக்கொண்டதையும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் போனைச் சொன்னேன், மெயிலச் சொன்னேன். கடிதத்த ஏன் சொல்லலன்னு நெனச்சே? மறந்தேன்னா?" என்றார். பிறகு பேரீச்சம்பழம் கேட்டார். கொடுக்கவில்லை, சர்க்கரை.

பச்சை வேண்டாம். சாம்பல் நிறமே எடுங்கள்.

ஜனவரியில் நிக்காஹ் முடிந்து, விருந்தெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பியதும் என் எதிரில் வந்து உட்காருங்கள். அச்சான கட்டுரையைத் தருகிறேன். அதில் இன்னும் என்னென்ன குறை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நானும் பதில் சொல்வேன். எழுதித்தான் தருவேன் என்றால் அதுவும் சம்மதம். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போட்டுத் தாருங்கள்.

உங்கள்
சப்ரீனா